யாருக்காகப் போட்ட விளக்கு

இன்று வெள்ளிக்கிழமை. நாலு மணி தாண்டி நேரமாகிவிட்டது. உங்கள் டைமர் இன்னும் "டக்" என்று சொல்லவில்லை.

குறித்த நேரத்தில் தானாக விளக்கைப் போடவேண்டிய அது, சுவர்ப் பிளக்கில் குந்தியபடி சும்மா இருக்கிறது. வட்டத் தட்டை விரலால் தள்ளிப் பார்த்தேன். கொஞ்சம் நகர்ந்து நின்றுவிட்டது. கழற்றி உள்ளங்கையில் தட்டிவிட்டுத் திரும்பவும் செருகினேன். ஒன்றும் நடக்கவில்லை. மேசை விளக்கு எரியாமல், விம்பிள்டனின் மழை இருட்டு அறை முழுக்க வந்துவிட்டது. எழுந்து இரண்டு அடி வைத்துச் சுவிட்சைப் போட்டால் தலைக்கு மேலே இருக்கும் லைட் எரியும். எனக்குக் கை போகவில்லை. சன்னலோரம் இருந்து தெருவிளக்கின் மஞ்சள் வெளிச்சத்தில் உங்களுக்கு எழுதுகிறேன்.

உங்களுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. நல்லதாகப் போயிற்று, கூச்சமில்லாமல் எழுதலாம். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் என்னோடு பேசியதெல்லாம் இங்கிலீசில்தான். ஆனால் எனக்குள்ளே அதெல்லாம் எப்போதோ யாழ்ப்பாணத் தமிழாகிவிட்டது. அதனால் இந்த மடலில் நீங்கள் எங்கள் ஊர்ப் பெண்ணாகத்தான் கதைப்பீர்கள். பொறுத்துக்கொள்ளுங்கள். என் இங்கிலீசை ஆறு குளிர்காலம் நீங்கள் பொறுத்தீர்களே.

ஹென்டனில் அந்த நாலு மாடிக் கட்டிடம். மூன்றாம் மாடியில் உங்கள் கதவுக்கு நேர் எதிரே என் தம்பியின் கதவு. அங்கே சின்ன அறையில் பிள்ளைகளின் பழைய தொட்டில், நாலு சூட்கேஸ், ஒரு இஸ்திரி மேசை, அவற்றோடு நான். அகதிக் கோரிக்கை ஒருமுறை நிராகரிக்கப்பட்டு, மேல்முறையீடு போட்டுக் காத்திருந்தேன். வேலை செய்யக்கூடாது. இரண்டு கிழமைக்கு ஒருமுறை போய் வரிசையில் நின்று கையெழுத்து வைக்க வேண்டும். பாஸ்போர்ட் இமிகிரேசன்காரரிடம். ஊரில் அம்மா செத்தபோது அந்தத் தொட்டிலைப் பிடித்துக்கொண்டு அழுதேன், அவ்வளவுதான் முடிந்தது. யாழ்ப்பாணத்தில் இருபத்திரண்டு வருடம் தபால் கந்தோரில் கடிதம் பிரித்தவள் நான். கையில் எடுத்ததும் எந்தப் பெட்டி என்று தெரியும். லண்டனில் நானே எந்தப் பெட்டியிலும் போடாத கடிதமாகக் கிடந்தேன்.

முதல் சந்திப்பை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஒரு வெள்ளிக்கிழமை ஆறரை மணி இருக்கும். குப்பை கொட்டிவிட்டு வருகிறேன், நீங்கள் படிக்கட்டு விளக்கின் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறீர்கள். வீட்டுக் கதவு திறந்திருக்கிறது. "வெளியில நல்ல வெளிச்சம். உள்ளதான் ஒரே இருட்டு" என்று காற்றிடம் சொல்வதுபோலச் சொன்னீர்கள். பியூஸ் போய்விட்டதாக்கும் என்று நான் விறுவிறுவென்று உள்ளே போய்ச் சுவிட்சைத் தட்டினேன். எரிந்தது. பெரிய காரியம் செய்தவள்போல வெளியே வந்து, "உங்களுக்காகத்தான் போட்டனான்" என்றேன். எங்கள் ஊரில் அதைவிட அன்பாக ஒன்றைச் சொல்ல முடியாது. உங்கள் முகம் விழுந்துவிட்டது. நாற்காலியை விட்டு அசையவே இல்லை. வெறும் அறைக்கு லைட் எரிந்துகொண்டிருந்தது, நீங்கள் படிக்கட்டில் விறைத்துக்கொண்டிருந்தீர்கள்.

என் நிறத்தைப் பார்த்துத்தான் என்று நினைத்து எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தம்பியிடம் கொட்டினேன்.

"அவை யூத ஆக்கள், அக்கா" என்றான். "வெள்ளி பொழுதுபட்டா அடுத்தநாள் பொழுதுபடும்வரை அவையின்ர ஓய்வுநாள், சுவிட்சில கை வைக்க மாட்டினம். நீங்கள் உதுக்குள்ள போய்த் தலையைக் குடுக்காதேங்கோ. பேப்பர் இல்லாத ஆள், தெரியுந்தானே?"

ஞாயிற்றுக்கிழமை நீங்களே கதவைத் தட்டிக் கூப்பிட்டு, கண்ணாடித் தம்ளரில் வெறும் தேநீர் தந்து விளக்கினீர்கள். முழங்கால் வருத்தத்தால் கட்டிலை முன்னறைக்குக் கொண்டுவந்துவிட்டீர்கள். வெள்ளி பின்னேரம் லைட்டைப் போட்டு வைத்தால் இரவு முழுக்கக் கட்டிலுக்கு மேலே எரியும், தூக்கம் வராது. போடாமல் விட்டால், பொழுதுபட முன் நீங்கள் ஏற்றுகிற இரண்டு மெழுகுதிரியும் அணைந்த பிறகு இருட்டு. என்னிடம் கேட்கவும் கூடாது.

"நீ எனக்காகப் போட்டா, அந்த வெளிச்சத்தில நான் இருக்கேலாது. உன்ர தேவைக்கு நீ போட்டா, நானும் இருக்கலாம்."

"அப்ப எனக்காக எண்டு பொய் சொல்லச் சொல்லுறீங்களோ?"

"பொய் சொல்லாதை. வெளிச்சம் வேணுமெண்டிற வேலை ஏதும் இருந்தாக் கொண்டுவா."

இருந்தது. தம்பியின் மூன்று பிள்ளைகளும் வாரம் ஒரு யூனிபோமாவது கிழிப்பார்கள். அடுத்த வெள்ளியிலிருந்து தையல் கூடையோடு வந்தேன். லைட்டைப் போட்டு, ஊசியில் நூல் கோத்து, "எனக்காகத்தான்" என்பேன். நீங்கள் தலையாட்டிவிட்டு உங்கள் புத்தகத்தைத் திறப்பீர்கள். போகும்போது போட்ட நானே அணைப்பேன். லைட் அணைக்காமல் போனால் தம்பி மனைவி மச்சாளிடம் வாங்கிக் கட்டியே பழகியவள் நான், அதற்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஹீட்டருக்கு மட்டும் இந்தச் சடங்கு கிடையாது. "குளிருக்கு நேரை கேக்கலாம். குளிருக்கு முன்னால எல்லாரும் நோயாளியள்தான் எண்டு எங்கட பெரியாக்கள் தீர்ப்புச் சொல்லிப்போட்டினம்" என்று நீங்கள் சொன்னபோது, அந்தப் பெரியாட்கள் மேல் எனக்கு ஒரு மரியாதை வந்தது.

ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். "எனக்காகத்தான்" என்று நான் சொன்னது முழுப்பொய் அல்ல. மச்சாள் கெட்டவள் அல்ல. வீடு சின்னது, என் பெருமூச்சு எல்லா அறைக்கும் கேட்கும். நான் இருப்பதால் அவளுடைய தாய் வந்து தங்க முடியவில்லை என்பதை அவள் ஒருநாளும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் சுகமாக இருந்திருக்கும். வெள்ளிக்கிழமை அந்த இரண்டு மணித்தியாலம்தான் யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் நான் ஒரு நாற்காலியில் இருந்தது. மற்ற நேரம் எல்லாம், எழுந்தால் சுவர், திரும்பினால் தொட்டில்.

சுனாமி வந்துபோன அந்தக் குளிர்காலத்தில்தான் பெட்டிக் கதை ஆரம்பித்தது. கிழமை நடுவில் டிவியில் எங்கள் கரையோரத்தை நீங்கள் பார்த்திருந்தீர்கள். வெள்ளிக்கிழமை, ஆதியில் வந்த பெருவெள்ளத்தைப் பற்றியும் அதில் தப்பிய நோவாவைப் பற்றியும் சொன்னீர்கள். உங்கள் ஆட்களுக்கு அறுநூற்றுச் சொச்சம் கட்டளை, அந்த வெள்ளத்தில் தப்பியவரின் பிள்ளைகளான மிச்ச உலகத்துக்கு ஏழே ஏழு. நான் தையலை வைத்துவிட்டு விரலை மடக்கினேன். கொலை இல்லை. களவு இல்லை. முறைகேடான உறவு இல்லை, அதற்குச் சந்தர்ப்பமும் இல்லை. கடவுளைத் திட்டக்கூடாது; அம்மா செத்த கிழமையைக் கழித்துக்கொண்டால் அதுவும் இல்லை. உயிரோடு இருக்கும் மிருகத்தில் வெட்டித் தின்னக்கூடாது. எனக்கு வெள்ளிக்கிழமை முட்டையே இல்லை. நீதிமன்றம் வைக்க வேண்டும். வைத்திருக்கிறார்கள், நான்தான் வாசலில் நிற்கிறேன். ஏழாவது சிலை வணக்கம். நீங்கள் என் நெற்றித் திருநீற்றைப் பார்த்தீர்கள். நான் உங்களைப் பார்த்தேன்.

"ஏழில ஆறு. எங்கட பள்ளிக்கூடத்தில உது பாஸ்" என்றேன்.

நீங்கள் சிரிக்கவில்லை. உங்கள் மதகுரு ரபாயிடம் போய்க் கேட்டே விட்டீர்கள். அடுத்த கிழமை பதில் வந்தது. கல்லைத்தான் நான் கடவுள் என்கிறேனா, கல்லின் வழியாகக் கடவுளை நினைக்கிறேனா என்று கேட்டு வரச் சொன்னாராம். "அது எனக்கும் பிள்ளையாருக்கும் இடையில உள்ள விசயம். உங்கட ரபாய் உள்ளுக்க வரத் தேவையில்லை" என்றேன். அதற்குத்தான் நீங்கள் சிரித்தீர்கள், வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க.

யூதரல்லாதவர்களை உங்கள் சட்டம் பிரித்துப் போடும் பெட்டிகளை நீங்கள் ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினீர்கள். ஏழு கட்டளையையும் ஏற்றுக்கொள்கிறேன் என்று ஒருவர் மூன்று பேர் முன்னிலையில் சொன்னால், அவர் உங்களோடு கூடவே குடியிருக்கும் அந்நியர். அவரை வாழவைப்பது ஊரின் கடமை.

"உதுதான்! நான் இமிகிரேசனிட்ட உதைத்தான் கேட்டுக்கொண்டு நிக்கிறன்" என்று துள்ளினேன்.

"அந்தப் பெட்டி இப்ப பூட்டிக் கிடக்கு. எங்கட பழைய கோயில் இருந்த காலத்தோட சரி. இரண்டாயிரம் வருசமாச்சு."

"அப்ப எங்கட இமிகிரேசன் எவ்வளவோ பரவாயில்லை."

மிச்சம் இரண்டு பெட்டி. மாற்றினத்தாரில் நீதிமான்கள், மாற்றினத்தாரில் அறிவாளிகள். நன்மையை அது கடவுள் இட்ட கட்டளை என்பதற்காகச் செய்பவர் நீதிமான், வரும் உலகில் அவருக்கும் பங்கு உண்டு. தன் புத்திக்குச் சரி என்று பட்டதால் செய்பவர் அறிவாளி. உங்கள் மதத்துப் பேரறிஞர் ஒருவர் அப்படிப் பிரித்து வைத்தாராம், மற்றவர்கள் இன்றுவரை அவரோடு மல்லுக்கு நிற்கிறார்களாம். அறிவாளியைக் கண்டால் சொல்வதற்கென்றே ஒரு வாழ்த்தும் இருக்கிறது என்றீர்கள். செய்தது ஒரே வேலை, ஏன் செய்தாய் என்பதில் பெட்டி மாறுகிறது. இருபத்திரண்டு வருடத்தில் நான் முகவரியைப் பார்த்துத்தான் கடிதம் பிரித்தேன், எழுதியவரின் மனதைப் பார்த்து அல்ல.

"சரி, நீ ஏன் ஒவ்வொரு வெள்ளியும் வாறாய்? கட்டளையோ, புத்தியோ?"

யோசித்தேன். உங்களிடம் பொய் சொல்ல வராது.

"எனக்குப் போக வேற இடமில்லை."

நீங்கள் புத்தகத்தை மூடி வைத்தீர்கள். "அதுக்குப் பெட்டி இல்லை" என்றீர்கள், மெதுவாக. "கதவு திறக்கட்டும். அதுக்குப் பிறகு பாப்பம்."

கதவு திறக்கிற நாளாக ஒரு விசாரணைத் தேதி வந்தது. எங்கள் வக்கீல் ஒரு தமிழர், எப்போதும் அவசரத்தில் இருப்பவர். "உங்கட கேசில கனக்க இல்லை, அக்கா. நீங்கள் இஞ்ச வேரூன்றினீங்கள் எண்டு காட்ட வேணும். அந்த அயல்வீட்டு வெள்ளைக்கார மனுசியிட்ட நல்லதா ஒரு கடிதம் வாங்குங்கோ. வருசக்கணக்கா அவவுக்கு உதவி செய்யிறியள்தானே? அதை எழுதச் சொல்லுங்கோ" என்றார்.

நீங்கள் எழுதித் தந்தீர்கள், ஒட்டிய உறையில். அவர் பிரித்து வாசித்துவிட்டு என்னிடம் நீட்டினார். "என்ன இது?" அதில் இருந்தது இவ்வளவுதான். இந்தப் பெண் வெள்ளிக்கிழமைகளில் என் வீட்டுக்கு வருகிறார். தன் தையல் வேலைக்காக விளக்கைப் போட்டுக்கொள்கிறார். எனக்காக அவர் எதுவும் செய்வதில்லை. நல்ல பெண்.

"தன்ர லைட்டைப் போட்டு நீங்கள் கறண்டைச் செலவழிக்கிறியள் எண்டு எழுதியிருக்கிறா மனுசி! இதைக் கொண்டுபோய்க் குடுத்தா உங்களை அடுத்த பிளேனில ஏத்துவாங்கள்."

பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தேன். நேரே உங்கள் கதவு. நீங்கள் விளங்கப்படுத்தப் பார்த்தீர்கள். எனக்காகச் செய்தாய் என்று கையெழுத்துப் போட்டு எழுதினால், இத்தனை வருட வெள்ளிக்கிழமைகளும் நான் கூடாத வெளிச்சத்தில் இருந்ததாகிவிடும் என்றீர்கள். நான் கேட்கிற நிலையில் இல்லை.

"உங்களுக்கு உங்கட வெளிச்சம்தான் பெரிசு! என்ன, நான் தைக்கவோ வந்தனான்? தம்பி வீட்டிலையும் லைட் இருக்கு! உங்களுக்காகத்தான் வந்தனான். ஒவ்வொரு கிழமையும் உங்களுக்காகத்தான் போட்டனான்!"

சொன்ன பிறகுதான் என்ன செய்தேன் என்று தெரிந்தது. முதல்நாள் அறியாமல் சொன்னதை இப்போது அறிந்தே சொன்னேன். நீங்கள் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு, "இனி நீ லைட் போடேலாது. இனி எனக்குத் தெரியும்" என்றீர்கள். அதில் கோபம் இல்லை, அதுதான் என்னைக் கொன்றது.

அந்த வெள்ளி நான் வரவில்லை. படிக்கட்டில் நாற்காலி இழுக்கும் சத்தம் கேட்டது. என் அறையில் இஸ்திரி மேசைக்கும் சுவருக்கும் இடையில் நின்றுகொண்டு அதைக் கேட்டேன். கதவைத் திறக்கத் தைரியம் வரவில்லை. நீங்கள் வெளியே இருட்டுக்குப் பயந்து, நான் உள்ளே உங்களுக்குப் பயந்து, நடுவில் இரண்டு கதவு.

விசாரணை ஒரு செவ்வாய்க்கிழமை. லிப்ட் வழக்கம்போல வேலை செய்யவில்லை. காலை ஆறு மணிக்கே நீங்கள் கோட்டும் தொப்பியுமாகப் படிக்கட்டில் நின்றீர்கள். நான் கூப்பிடவில்லை. மூன்று மாடியையும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாக இறங்கினீர்கள், உங்கள் முழங்காலுக்கு அதுதான் ஒத்துவரும். டாக்ஸியில் ஒரே ஒரு விசயம் சொன்னீர்கள். இரண்டாம் உலகச் சண்டைக் காலத்தில் அகதியாக வந்த உங்கள் அப்பாவையும் இந்த நாடு ஒரு மேசைக்கு முன்னால் நிறுத்தி, எவ்வளவு ஆபத்தான ஆள் என்று ஏ, பி, சி என ஒரு எழுத்துக் கொடுத்துப் பிரித்ததாம். அவருக்காகப் பேச அயலில் இருந்து ஒருவரும் வரவில்லையாம்.

நீதிபதி மரியாதையாகத்தான் கேட்டார். இவர் உங்களுக்கு உதவி செய்கிறாரா? உங்கள் கையுறையை ஒவ்வொரு விரலாக இழுத்துவிட்டீர்கள். வக்கீல் பேனாவைக் கடித்தார். நான் பிள்ளையாரையும் கூப்பிட்டேன், உங்கள் ஆளையும் கூப்பிட்டேன்.

"ஓம். எனக்காகத்தான் செய்யிறா. ஆறு வருசமா, ஒவ்வொரு வெள்ளியும். எனக்காகத்தான் எண்டு எனக்குத் தெரியும். முதலே தெரியும்."

அந்த அறையில் இருந்தவர்களுக்கு அது ஒரு கிழவியின் நல்ல சாட்சி. நீங்கள் எதைக் கொடுத்துவிட்டு அதைச் சொன்னீர்கள் என்பது எனக்கு மட்டும் தெரியும். வெளியே வந்து வாங்குப் பலகையில் இருந்ததும், மூச்சு வாங்கிக்கொண்டு விரலை மடக்கினீர்கள். "நீதிபதி, வக்கீல், அரசாங்கத்து ஆள். மூண்டு பேர் இருந்தவை. கணக்குச் சரி." எனக்கு அப்போது விளங்கவில்லை. டாக்ஸி பாதித் தூரம் வந்த பிறகுதான், இரண்டாயிரம் வருடமாகப் பூட்டிக் கிடந்த பெட்டியை நீங்கள் எனக்காகத் திறந்தது விளங்கியது. சட்டப்படி செல்லாது என்று உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

அந்த வெள்ளி தையல் கூடை இல்லாமல் வந்தேன். உள்ளே ஒரு மேசை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பிளக்கில் இந்த டைமர். ஹென்டன் கடைத்தெருவில் எந்தக் கடையிலும் தொங்குகிற சாமான், உங்கள் ஆட்கள் வீட்டுக்கு வீடு வைத்திருப்பது.

"இது முந்தியே இருந்ததோ, கடையில?"

"எப்பவும் இருந்தது."

"அப்ப ஏன் வாங்கேல்லை?"

நீங்கள் புத்தகத்தில் பக்கத்தைத் திருப்பினீர்கள். "வாங்கியிருந்தா, நீ எங்க போயிருப்பாய்?"

எனக்கு அழுகையும் வந்தது, கோபமும் வந்தது. நான் உங்களுக்கு உதவுவதாக நினைத்துக்கொண்டிருந்த இத்தனை வருடமும், நீங்கள் எனக்கு ஒரு நாற்காலி போட்டு வைத்திருந்திருக்கிறீர்கள். பத்து மணிக்கு டைமர் தானாக அணைக்கும். எனக்கு அங்கே செய்ய ஒன்றும் இல்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன்.

"இப்ப சொல்லு" என்றீர்கள், கண்ணைச் சிமிட்டி. "இப்ப ஏன் வந்தனீ?"

"தெரியேல்லை."

"அப்ப இன்னும் பெட்டியில போடேலாது."

பேப்பர் வந்தது. எதனால் வந்ததோ, வந்தது. இங்கே விம்பிள்டன் பக்கம் ஒரு பார்சல் கிடங்கில் இரண்டாவது ஷிப்டில் பிரிக்கிற வேலையும், எனக்கென்று ஒரு அறையும் கிடைத்தன. கதவு திறந்தது. நீங்கள் சொன்னபடி, அதற்குப் பிறகு பார்ப்போம். பார்த்தோம். முதல் மாதம் ஒவ்வொரு வெள்ளியும் வந்தேன். பிறகு மாதத்தில் ஒன்று. பிறகு வெள்ளிக்கிழமை ஷிப்ட். நீங்கள் வெள்ளியில் போனும் எடுக்க முடியாது, அது எனக்கு வசதியாகப் போயிற்று. இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, சொல்லித்தான் ஆக வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை உங்கள் மருமகள் போன் செய்தார். வியாழன் போனீர்களாம். வெள்ளி பொழுதுபடுவதற்கு முன் அடக்கம் முடிந்துவிட்டதாம். நான் அந்த நேரம் பார்சல் பிரித்துக்கொண்டிருந்தேன். "இதை உங்களிடம் கொடுக்கச் சொன்னார், உங்களுக்குத் தெரியும் என்றார்" என்று, நான் போனபோது மருமகள் ஒரு பையைத் தந்தார். உள்ளே டைமர். அதன் தட்டில் நேரம் குறிக்கும் ஊசிகள் நீங்கள் வைத்தபடியே இருந்தன. நானும் மாற்றவில்லை. ஷிப்டை மாற்றிக்கொண்டேன், வெள்ளி நாலு மணிக்கு வீட்டில் இருப்பதற்கு. கடவுச்சீட்டு அலுமாரியில் இருக்கிறது, எங்கும் போகவில்லை. இப்போது என்னை யாரும் அடைத்து வைக்கவில்லை, நானாகத்தான் இருக்கிறேன்.

முன்பொரு நாள் உங்கள் கணவரைப் புதைத்த கதை சொன்னீர்கள். அவரது பிரார்த்தனைச் சால்வையைப் போர்த்தி, அதன் நாலு குஞ்சங்களில் ஒன்றை வெட்டிவிட்டார்களாம். ஏன் என்று கேட்டேன். "செத்த ஆளுக்குக் கட்டளை இல்லை. எல்லாத்தில இருந்தும் விடுதலை" என்றீர்கள்.

அதைத்தான் இவ்வளவு நேரமும் இருட்டில் இருந்து நினைத்துக்கொண்டிருக்கிறேன். இனி எது கூடும், எது கூடாது என்று உங்களை யாரும் கேட்கப்போவதில்லை. எந்த வெளிச்சத்திலும் நீங்கள் இருக்கலாம். நீங்கள் இருந்திருந்தால், இந்நேரம் உங்கள் மெழுகுதிரி அணைந்து நெடுநேரமாகியிருக்கும். டைமரைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டேன். இதோ எழுந்து போய்ச் சுவிட்சைப் போடுகிறேன்.

உங்களுக்காகத்தான் போட்டனான்.